கலுங்கடியில் ஒரு கூட்டம்

இராமநாதபுரம் நகரத்தை ஒட்டிக் கிடக்கும் சக்கரக்கோட்டைக் கண்மாய், 2012-இல் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பெற்று, 2025 பிப்ரவரியில் தேர்தங்கல் சரணாலயத்தோடு ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றுச் சர்வதேசக் கீர்த்தியை எய்திவிட்டது, சந்தோஷமே. ஆயினும், மடைக்கு நீர்வளத் துறை, பறவைக்கு வனத்துறை என்று ஒரே கண்மாய்க்கு இரண்டு எஜமானர்கள் இருக்க, அந்நீரை நம்பி நெல் விதைக்கும் ஆயக்கட்டுக் குடியானவன் மூன்றாமவனாகக்கூட எண்ணப்படுவதில்லை. கூடு தாங்கும் நாட்டுக் கருவேலை விட்டுவைத்து, மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலை மட்டும் வேரோடு களைய வேண்டும் என்பதையும், பறவை எச்சம் கரைந்த தண்ணீர் பாய்ந்தால் பயிர் கறுகறுவென்று எழும் என்பதையும் அவனுக்கு எந்த நிபுணரும் உபதேசிக்க வேண்டியதில்லை. சரணாலயங்களைச் சுற்றிச் சூழல் உணர்திறன் மண்டலம் வகுக்கும் மத்திய அரசின் வரைவு அறிவிக்கை 60 நாட்களுக்குள் ஆட்சேபம் சொல்லலாம் என்று தாராளமாக அனுமதிக்கிறது. அந்த அரசிதழோ ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் அன்றோ வருகிறது! ஆகவே அதிகாரிகளுக்கு என் விண்ணப்பம்: அடுத்த ஆலோசனைக் கூட்டத்தை, அறுவடை ஓய்ந்த மாசி மாதத்தில், கலுங்கடியிலேயே கூட்டி, அந்த மண்டலத் திட்டத்தைத் தமிழில் உரக்க வாசியுங்கள்.