அபிஷேகத்திற்குப் பின்னும் ஆட்டுமந்தை



 கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் உங்களில் சிலர் என் இல்லத்திற்கு வந்தீர்கள். நம் சபையின் வாலிபன் ஒருவன் அன்று அளித்த தேவசெய்தி உங்கள் உள்ளத்தைத் தொட்டிருந்தது. "ஐயா, இந்தப் பிள்ளையை இன்னும் எத்தனை நாள் பின்வரிசையில் உட்காரவைப்பது? வாலிபர் ஐக்கியத்தின் தலைமையை இப்போதே கொடுங்கள், மாதம் ஒரு பிரசங்கமும் கொடுங்கள்" என்று கேட்டீர்கள். நான் இசையவில்லை. உங்கள் முகங்கள் வாடியதையும் கண்டேன். வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய காரியமல்ல இது. ஆகவே இவ்வாரம் எழுதுகிறேன்.

சாமுவேலின் முதலாம் புத்தகம் 16-ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். பெத்லெகேமில் தைலக்கொம்பு சாய்கிறது. தாவீது சகோதரர் நடுவே அபிஷேகம் பெறுகிறான். கர்த்தருடைய ஆவியானவர் அவன்மேல் இறங்குகிறார். அடுத்து அரண்மனை என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். ஆனால் சில வசனங்கள் தள்ளி, சவுல் ஆள் அனுப்பும்போது, அவன் எங்கே இருக்கிறான்? ஆடுகளோடு. சவுலிடத்தில் சேர்ந்தபின்பும் தகப்பனுடைய ஆடுகளை மேய்க்கத் திரும்பிப் போய்வந்தான் என்று 17-ஆம் அதிகாரம் சொல்கிறது. கோலியாத்தைச் சந்தித்த நாளிலும், ஆடுகளை ஒரு காவலாளியின் பொறுப்பில் விட்டுவிட்டே யுத்தகளத்திற்குப் புறப்பட்டான். பல ஆண்டுகள் இந்தப் பகுதியைப் பிரசங்கித்தும் அந்தக் காவலாளியை நான் கவனித்ததில்லை. கையிலிருக்கும் சிறிய பொறுப்பை நடுவழியில் விட்டு ஓடாதவன் தாவீது. அவன் எப்ரோனில் அரசனானபோது வயது முப்பது.

கர்த்தர் அழைத்தது உண்மை, வரம் கொடுத்ததும் உண்மை. ஆயினும் அழைப்புக்கும் பொறுப்புக்கும் நடுவே ஒரு காலம் உண்டு. அந்தக் காலத்தை அவனுக்கு வாங்கிக் கொடுப்பது சபையின் கடமை என்பதே என் கருத்து. அதைச் சுருக்குகிறவர்கள் அவனுக்கு நன்மை செய்வதில்லை.

இதை நான் புத்தகத்திலிருந்து கற்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு சபையில் ஊழியம் செய்தபோது இருபத்தொரு வயது வாலிபன் ஒருவன் இருந்தான். அவன் ஜெபித்தால் ஆலயமே கண்ணீர் விடும். ஆறு மாதத்திற்குள் அவனைப் பிரசங்க பீடத்தில் ஏற்றினேன், ஜெபக்குழுவுக்குத் தலைவனாக்கினேன். சுற்றுவட்டாரக் கன்வென்ஷன் கூட்டங்களின் சுவரொட்டிகளில் அவன் படம் வந்தது. அவனைத் திருத்த ஒருவருக்கும் துணிவில்லை. கற்றுக்கொள்ள அவனுக்கு நேரமில்லை. இரண்டாம் ஆண்டில் ஜெபக்குழுவின் காணிக்கைக் கணக்கு ஒத்துவரவில்லை. அவன் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை என்று இன்றும் நம்புகிறேன். வரவு செலவை எழுதிவைக்க அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை, அவ்வளவே. கமிட்டியில் கேள்வி எழுந்தபோது கோபித்து எழுந்து போனான். இன்றுவரை எந்தச் சபைக்கும் அவன் திரும்பவில்லை.

பின்னர் ஒருநாள் அவன் தாயார் என்னிடம் கேட்டார்கள்: "அவன் பேசுனத எல்லாரும் கேட்டீங்க ஐயா. அவன்கிட்ட யாராவது பேசுனீங்களா?" என்னிடம் பதில் இல்லை. பிழை என்னுடையது. புதிதாய் விசுவாசத்திற்கு வந்தவனைக் கண்காணியாக்கக்கூடாது, உதவிக்காரரை முன்பே சோதித்தறிய வேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை இறையியல் கல்லூரியில் கிரேக்க மூலத்திலேயே படித்துத் தேர்வும் எழுதியவன் நான்!

நம் திருநெல்வேலிச் சீமையே நமக்கு ஒரு நல்ல மாதிரியைத் தந்திருக்கிறது. பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-இல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்தார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் என்று அவரை அறிவோம். 1912 டிசம்பர் 29-ஆம் தேதி கல்கத்தாவில் நடந்த அந்த அபிஷேக ஆராதனையை நினைவுகூருகிறோம். அதற்கு முந்திய ஆண்டுகளை அவ்வளவாகப் பேசுவதில்லை. 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக வாலிபர்களிடையே ஊர் ஊராய்ப் பயணம் செய்தார். யாழ்ப்பாணத்திற்குச் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனெரிகளை அனுப்புவதைக் கண்டார். அந்தத் தாக்கத்தால் 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்னின்றார். 1905-இல் சேராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கியபோதும் அவர் முன்னணியில் இருந்தார். அதற்குள் நாடறிந்த மனிதராகிவிட்டார்.

அந்நிலையில் 1909-இல் அவர் செய்ததை எண்ணிப் பாருங்கள். பிறரை மிஷனெரியாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தவர், செயலாளர் பதவியை விட்டுவிட்டு, நிஜாம் சமஸ்தானத்திலிருந்த தோர்ணக்கல்லுக்குத் தாமே மிஷனெரியாகப் போனார். குருப்பட்டம் பெற்றதும் அவ்வாண்டே. முப்பத்தைந்து வயதில் தெலுங்கு கற்று, ஏழை எளியோரின் கிராமங்களுக்குள் நடந்தார். மூன்றாண்டு கழித்தே பேராயர் பொறுப்பு அவரைத் தேடி வந்தது.

"அப்படியானால் பிள்ளையின் உற்சாகம் அணைந்துவிடாதா ஐயா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தீமோத்தேயுவின் இளமையை யாரும் அற்பமாய் எண்ணக்கூடாது என்று எழுதியதும் அதே பவுல்தான். ஆனால் லீஸ்திராவில் சேர்த்துக்கொண்ட அந்த இளைஞனைத் தம்மோடு பட்டணம் பட்டணமாக அழைத்துச் சென்ற பின்னரே எபேசு சபையை அவன் கையில் விட்டார். மறுபக்கத்தையும் மறைக்கமாட்டேன். "இன்னும் காலம் வரவில்லை" என்று சொல்லிச் சொல்லியே இருபது ஆண்டு நாற்காலியை விடாத மூப்பர்கள் உண்டு, போதகர்களும் உண்டு. அதனால்தான் காலவரையறை சொல்லிவிடுகிறேன்: இரண்டு ஆண்டு. அதற்குமேல் நான் தாமதித்தால் என்னைக் கேள்வி கேளுங்கள்.

இந்த இரண்டு ஆண்டில் அவன் என்ன செய்வான்? ஓய்வுநாள் பள்ளியில் சிறுபிள்ளைகளுக்குக் கதை சொல்வான். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்தவனுக்குப் பிரசங்கம் தானாய் வரும். பொருளாளர் ஐயாவுடன் அமர்ந்து காணிக்கை எண்ணிப் பதிவேட்டில் எழுதுவான். திருவிருந்துப் பாத்திரங்களைக் கழுவித் துடைத்து வைப்பான். எலிசாவை யோசபாத் அரசனுக்கு அறிமுகப்படுத்தியவன், எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தவன் என்றுதான் சொன்னான். அன்று அது போதுமான தகுதியாக இருந்தது.

எல்லாவற்றிற்கும் மேலாக, என்னோடு வீடு சந்திக்க வருவான். நான் இறையியல் கல்லூரிக்குப் போகுமுன் எங்கள் ஊர் உபதேசியாரின் பின்னால் ஓராண்டு நடந்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் நாலடி முன்பாக நின்று மெதுவாய்ச் சொல்வார்: "இந்த வீட்டில் மூத்த மகனைப் பற்றி விசாரிக்காதே", "இங்கே காபி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதே, அந்த அம்மா வருத்தப்படுவார்கள்." எபிரேய இலக்கணத்தில் பாதியை மறந்துவிட்டேன், அவை மறக்கவில்லை.

இவற்றையெல்லாம் திங்கட்கிழமை அவனோடும் பேசினேன். சற்று நேரம் தலைகுனிந்திருந்தான். பிறகு, "பாத்திரம் கழுவ சனிக்கிழமையே வரணுமா ஐயா?" என்று கேட்டான். வரச் சொல்லியிருக்கிறேன்.

உங்களிடம் கேட்பது இதுதான். அவன் செய்தி நன்றாயிருந்தது என்று சொல்லுங்கள், தவறில்லை. அதோடு அவன் படிப்பு எப்படிப் போகிறது, தகப்பனாரின் உடல்நலம் எப்படி என்றும் விசாரியுங்கள். வெளிக் கூட்டங்களுக்கு அவனை அழைப்பவர்களை முதலில் என்னிடம் அனுப்புங்கள். வரும் வியாழன் மாலை நாலரை மணிக்கு அவனும் நானும் அரசு மருத்துவமனைக்குப் போகிறோம். உங்கள் வீட்டார் யாரேனும் அங்கே படுக்கையில் இருந்தால், வார்டு எண்ணைப் புதன்கிழமைக்குள் எனக்குத் தெரிவித்துவிடுங்கள்.