எடைக்கல்லை யார் வைப்பது?

கைப்பேசி ஒரு படத்தில் இருப்பது என்னவென்று கண்டறிய வேண்டும். அந்தக் கணக்கைத் தானே போடலாம். அருகிலுள்ள கோபுரத்தை ஒட்டிய சிறு சர்வருக்கும் அனுப்பலாம். எட்ஜ் கம்ப்யூட்டிங் எனப்படும் விளிம்புக் கணிமையில் ஓயாமல் எழும் கேள்வி இது. கைப்பேசியே கணக்கிடும்போது சிப்பின் வேகத்தைப் பாதியாக்கி மின்னழுத்தத்தையும் அதே அளவு குறைத்தால், கோட்பாட்டளவில் அதே வேலைக்குக் கால் பங்கு மின்சக்தி போதும், நேரமோ இரட்டிக்கும். சர்வருக்கு அனுப்பினால் கணக்குச் சுமை நீங்கும். ஆனால் சிக்னல் மெலிந்திருந்தால் ரேடியோவே பேட்டரியைத் தீர்த்துவிடும். சர்வரில் வரிசை நீண்டால் காத்திருப்பு கூடும்.

நொடிக்கு நொடி மாறும் இந்த நிலைமைக்கு மாறாத விதி ஒத்துவராது. அதனால் இயந்திரக் கற்றலை இங்கே ஆடம்பரமாக நான் கருதவில்லை. இத்துறையின் முன்னோடி முயற்சிகளில் ஒன்று, மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட 'நியூரோசர்ஜன்'. நரம்பு வலையமைப்பின் ஒவ்வோர் அடுக்குக்கும் ஆகும் நேரத்தையும் மின்சக்தியையும் முன்கணித்து, எதுவரை கைப்பேசியில், எங்கிருந்து தரவு மையத்தில் என்று அது பிரித்தது. எல்லாவற்றையும் தரவு மையத்துக்கே அனுப்புவதைவிடச் சராசரியாக 3.1 மடங்கு வேகம் கிடைத்தது. கைப்பேசியின் மின்செலவு 59.5 விழுக்காடு குறைந்தது.

ஆயினும், நேரத்தைக் குறைப்பதா, மின்செலவைக் குறைப்பதா என்பதை அதற்கு மனிதரே சொல்ல வேண்டியிருந்தது. பின்னர் வந்த, செய்து பார்த்துப் பலனிலிருந்து கற்கும் வலுவூட்டல் கற்றல் முறைகள் பலவும் இரண்டுக்கும் எடையிட்டு ஒரே எண்ணாக்குகின்றன. அந்த எடை பெரும்பாலும் ஆய்வாளர் தேர்ந்துகொண்டதே. கற்றல் தராசைத் துல்லியமாக்கும், எடைக்கல்லைத் தராது.

பயனரின் பழக்கத்திலிருந்து அதையும் கற்கலாமே என்பது நியாயமான மறுப்பு. வீடியோ பார்ப்பவருக்கு அது பொருந்தவும் கூடும். இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் கருவிக்குப் பொருந்தாது. அங்கே சராசரித் தாமதம் குறைவு என்பது ஆறுதல் ஆகாது. எப்போதோ நேரும் நீண்ட தாமதமே ஆபத்து. அரிதாக நேர்வதைக் கற்கத் தரவும் அரிதாகவே கிடைக்கும். அதற்காகப் பேட்டரியை அலட்சியப்படுத்தவும் முடியாது. அணைந்துபோன கருவி எதையும் கண்காணிக்காது.

ஆகவே, சிக்னலையும் வரிசையையும் மின்செலவையும் கணிப்பதை இயந்திரத்திடம் விடலாம். தாமதத்தின் உச்சவரம்பைப் பொறியாளர் வெளிப்படையாக விதித்து, அதற்குள் மின்செலவைக் குறைக்கப் பணிக்க வேண்டும். கற்கும் மாதிரி உண்ணும் மின்சாரமும் அக்கணக்கில் சேர வேண்டும். வரம்பைக் காக்கச் சில வேளை பேட்டரி கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மை. ஆனால் அச்செலவை யார், எதற்காக ஏற்றார் என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவர் இருப்பார்.

கட்டுரையாளர்: கணினி வலையமைப்பு ஆய்வாளர்.