நான்கு சுவருக்குள் இருவர்

தனிமை என்றதும் துணையிழந்த முதியவரே நினைவுக்கு வருகிறார். பிரித்தானியாவில் 2018இல் தனிமைக்கென ஓர் அமைச்சர் நியமிக்கப்பட்டபோதும் பலர் அப்படியே எண்ணினர். ஆயினும் தலையிடி, நித்திரையின்மை, நெஞ்சுப் படபடப்பு என்று வைத்தியரிடம் வருவோரில் மணமானவர்களும் உண்டு. கணவருக்கு இரவு வேலை, மனைவிக்குப் பகல் வேலை. பேச்செல்லாம் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய துண்டுக் கடதாசியில். ஊரில் மாமி, மச்சாள், அயல்வீட்டு அக்கா, சந்திக் கடை நண்பர் எனப் பலர் பங்கிட்ட மனச்சுமையை இங்கே ஒருவருக்கு மற்றவரே முழுவதும் தாங்க வேண்டியிருக்கிறது. முடியாதபோது எரிச்சல், பின் மௌனம். தாம்பத்திய நெருக்கமும் அற்றுப்போகிறது. அன்பே குறைந்துவிட்டதென இருவரும் தவறாக முடிவுகட்டுகின்றனர். (மாமியார் இல்லாத குடித்தனமே சுகம் என்று விமானம் ஏறியவர்களும் இவர்களுள் உண்டு!)

உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் வருந்துவதாக உலக சுகாதார நிறுவனம் 2025இல் அறிவித்தது. இருதய நோய், பாரிசவாதம், மனச்சோர்வு ஆகியவற்றோடும் அதற்குத் தொடர்புண்டு. குளிசை மட்டும் இதற்குப் போதாது.

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் அன்பர்கள் காரை நோக்கி விரைகின்றனர். மண்டபத்தில் ஒதுங்கி நிற்கும் தம்பதியரிடம் "எந்த ஊர்?" என்று கேட்பதோடு நில்லாமல், ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அழைக்கலாம். வரத் தயங்குவோர் சிலரே; வீடு சிறிது, கறி ஒன்றுதான் என்று அழைக்கத் தயங்குவோரே அதிகம்.