பந்து காலில் இல்லாதபோது பாருங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்த கையோடு, ஸ்பைக்ஸ் வைத்த பிளாஸ்டிக் பையுடன் அவன் ரயில் ஏறியிருந்தான். பொன்னேரியில் நான் ஏறிக்கொண்டேன்.

“தூங்கினியாடா?”

“தூங்கினேன் சார். கவரைப்பேட்டையிலிருந்து இங்க வரைக்கும்.”

அடுத்தடுத்த ஸ்டேஷன்கள். சிரித்துவிட்டேன்.

அவன் அப்போது எங்கள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவன், லெப்ட் பேக். நான் இந்த ரயில் பாதையோரக் கல்லூரி ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேலாக உடற்கல்வி இயக்குநர். அன்று சென்னையில் ஒரு தொழில்முறை அணியின் செலக்‌ஷன். எந்த அணி என்பது முக்கியமில்லை. பல இடங்களில் இதுதான் நடைமுறை.

மைதானத்தில் இருநூறு பையன்களாவது இருப்பார்கள். முதுகில் நம்பர் ஒட்டி, பிப் கொடுத்து, முன்பின் தெரியாத பதினோரு பேரை ஓர் அணியாக்கி இருபது நிமிடம் ஆடவிட்டார்கள். லெப்ட் பேக் இடத்துக்கு ஏற்கெனவே ஆள் இருந்ததால் இவனை ரைட் விங்கில் நிறுத்தினார்கள். பந்து இவனிடம் வந்தது ஐந்து முறை, எண்ணிக்கொண்டிருந்தேன். பந்து கிடைத்தவன் எவனும் பாஸ் கொடுக்க விரும்பவில்லை. இருபது நிமிடத்தில் வாழ்க்கை முடிவாகிறது என்றால் யார் கொடுப்பான்? இரண்டு பேரை வெட்டி ஓடியவர்களின் நம்பர்கள் நோட்டில் ஏறின. இவனிடம், “சொல்லி அனுப்புறோம் தம்பி” என்றார்கள்.

இவன் ஆட்டம் என்னவென்று கல்லூரிகளுக்கு இடையிலான ஜோன் மேட்ச்சில் பார்த்திருக்க வேண்டும். எங்கள் ஸ்டாப்பர் கார்னருக்கு முன்னேறினால், யாரும் சொல்லாமலே இவன் உள்ளே நகர்ந்து அந்த இடத்தை அடைத்துவிடுவான். எங்கள் கோல்கீப்பர் தொண்டை கிழிய எல்லோரையும் பார்த்துக் கத்துவான். இவன் பக்கம் திரும்பி மட்டும் கத்தமாட்டான். தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் ஒருவன் காலில் பந்து இருப்பது ஓரிரு நிமிடம்தான். மீதி நேரம் எங்கே நிற்கிறான் என்பதுதான் கால்பந்து. அதைச் செலக்‌ஷனில் பார்க்க முடியாது. அவனுடைய அணியில், அவனுடைய இடத்தில் ஆடும்போதுதான் தெரியும்.

அமெரிக்காவில் அவர்கள் ஆடும் கால்பந்து வேறு. ஆனால் அங்கே தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டத்தை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கின்றன. அதற்குப் பிறகுதான் பையன்களை இண்டியானாபொலிஸில் கூட்டி, 40 கெஜ ஓட்டத்தையும் உயரத் தாண்டுவதையும் அளக்கிறார்கள். அவ்வளவு செய்தும், அணிகள் வரிசையாக ஆள் எடுக்கும் டிராப்ட்டில் 2000ஆம் ஆண்டு டாம் பிரேடி என்ற ஆட்டக்காரரை 199ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். ஓட்டத்தில் அவர் மந்தம். பிறகு ஏழு சூப்பர் பௌல் பட்டம் வென்றார். நாலு வருஷம் பார்த்தவர்களுக்கே கண் தப்புகிறதென்றால், இருபது நிமிடம் பார்ப்பவர்களை என்ன சொல்வது?

நம் ஐ.எஸ்.எல். கால்பந்திலும் 2014இலும் 2017இலும் டிராப்ட் நடந்தது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே கிளப்களில் ஆடியவர்கள். கல்லூரிக்கு அதில் வாசல் இல்லை. கிளப்கள் அகாடமியில் பதின்மூன்று, பதினைந்து வயதிலேயே பையன்களைப் பிடிக்கின்றன. “இருபது வயதில் வருபவனுக்கு என்ன கற்றுக்கொடுக்க?” என்பது அவர்கள் வாதம். நியாயம் இருக்கிறது. ஆனால் திருவள்ளூர் மாவட்டத்தின் இந்த மூலையில் பையன் பூட்ஸ் போடுவதே பிளஸ் ஒன்னில். அப்பா கான்ட்ராக்ட் லேபராக இருக்கும் வீட்டில் அகாடமிக்கு யார் அழைத்துப் போவார்? வியாசர்பாடியில் முல்லை நகர் மைதானமும், சின்ன வயதிலேயே கையைப் பிடித்துக்கொள்ளும் அண்ணன்மார்களும் இருக்கிறார்கள். நந்தகுமார் சேகர் அந்த ஊரிலிருந்து போய், 2023 ஆகஸ்ட் 12இல் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் வெற்றி கோலை அடித்தார். எங்கள் பையன்களுக்கு மைதானமும் அண்ணனும் கல்லூரியில்தான் கிடைக்கிறார்கள்.

ஒரு காலத்தில் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி போன்ற அணிகள் இருந்ததால், காலேஜ் மேட்ச்சில் நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை என்ற நம்பிக்கையாவது பையன்களுக்கு இருந்தது. அந்த வாசலும் குறுகிவிட்டது.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. இன்டர் காலேஜ் மேட்ச் அட்டவணை ஒளித்து வைத்த ரகசியமல்ல. கிளப்கள் ஓர் ஆளை அனுப்பட்டும். பிடித்த பையனை மூன்று மேட்ச்சாவது பார்க்கட்டும். அவன் தோற்கும் மேட்ச் ஒன்றையும் சேர்த்து. பி.டி. சாரிடம் இரண்டு வார்த்தை கேட்கட்டும். பிறகு ஒரு வாரம் தங்கள் ரிசர்வ் அணியோடு ஓடவிட்டு, அப்போது வேண்டாம் என்று சொல்லட்டும், ஒப்புக்கொள்கிறேன். சென்ட்ரலிலிருந்து இங்கே வர டீயும் வடையும் சாப்பிடும் காசுகூட ஆகாது.

அந்தப் பையன் இப்போது அதே சிப்காட்டில் முழுநேரக் கான்ட்ராக்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஃபைவ்ஸ் ஆடுகிறான். அவன் இடத்தில் இப்போது ஒரு முதலாண்டுப் பையன் ஆடுகிறான், இவனும் பரவாயில்லை.

எங்கள் மைதானத்தில் கிழக்குப் பக்க கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் உண்டு. வருகிறவர் அங்கே உட்காரட்டும். அங்கிருந்து பார்த்தால் பந்து அவ்வளவாகத் தெரியாது. லெப்ட் பேக் நன்றாகத் தெரிவான்.