தாடைக்குள் செல்லும் எலும்புத் துகளுக்குக் கணக்கு எங்கே?

புதுதில்லி: பல் இம்பிளாண்ட் சிகிச்சையின்போது தாடைக்குள் நிரப்பப்படும் எலும்புத் துகள்கள் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்து சில ஆண்டுகளாகிவிட்டன. தயாரிக்கவும் இறக்குமதி செய்யவும் உரிமம் கட்டாயம். ஆயினும், எந்த நோயாளியின் தாடையில் எந்த நிறுவனத்தின் எந்த பேட்ச் பொருள் வைக்கப்பட்டது என்பதற்கு நாடு தழுவிய பதிவேடு இல்லை. பல் மருத்துவக் கல்லூரிகளும் தனியார் பல் மருத்துவமனைகளும் நிறைந்த பெங்களூருவில் இக் கேள்விக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு.

பல்லைப் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு கரையத் தொடங்குகிறது. முதல் ஓராண்டிலேயே அதன் அகலம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடலாம். எலும்பு மெலிந்த இடத்தில் டைட்டேனியம் திருகு நிலைத்து நிற்காது. எனவே அங்கு நிரப்புப் பொருளை வைத்து, புது எலும்பு வளர மருத்துவர்கள் பல மாதங்கள் காத்திருக்கின்றனர்.

நான்கு வகை, நான்கு விதச் சிக்கல்

நிரப்புப் பொருள் நான்கு வழிகளில் கிடைக்கிறது. நோயாளியின் சொந்த எலும்பு மிகவும் ஏற்றது. ஆனால் அதை எடுக்க இன்னோர் இடத்தில் அறுவைச் சிகிச்சை வேண்டும். இரண்டாவது, கொடையாளர் உடலிலிருந்து பெறப்படும் எலும்பு. மூன்றாவது, மாட்டு எலும்பைப் பதப்படுத்தித் தயாரிப்பது. உலகெங்கும் பெருமளவில் பயன்படும் சுவிட்சர்லாந்துத் தயாரிப்பான 'பயோ-ஆஸ்' இவ் வகையைச் சேர்ந்தது. நான்காவது, ஹைட்ராக்ஸிஅபடைட், ட்ரைகால்சியம் பாஸ்பேட், பயோகிளாஸ் போன்ற செயற்கைப் பொருள்கள்.

செயற்கைப் பொருளில் கொடையாளரின் நோய் தொற்றும் அச்சம் இல்லை. உணவு, சமய நம்பிக்கை சார்ந்த தயக்கத்துக்கும் இடமில்லை. ஆனால் தூய்மை, துகளின் அளவு, கரையும் வேகம் ஆகியவற்றைப் பொருத்தே பலன் அமைகிறது. ட்ரைகால்சியம் பாஸ்பேட் விரைவில் கரையும். ஹைட்ராக்ஸிஅபடைட் நெடுங்காலம் அப்படியே இருக்கும். வைத்த பொருள் எது என்று தெரியாவிட்டால், பின்னாளில் சிக்கல் எழும்போது சிகிச்சை அளிக்கும் மற்றொரு மருத்துவருக்குத் தடுமாற்றமே மிஞ்சும்.

இத் துறையில் இந்தியா பின்தங்கிவிடவில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் கழகம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் ஆகியவை உடலுக்குள் வைக்கத் தகுந்த பொருள்கள் குறித்து நீண்டகாலமாக ஆய்வு செய்து வருகின்றன. குறை இருப்பது ஆய்வுக் கூடத்தில் அல்ல, கண்காணிப்பில்தான்.

சட்டம் வந்த வழி

மருத்துவக் கருவிகளை மருந்துச் சட்டத்துக்குள் கொண்டுவரும் பணி மெல்ல மெல்லவே நடந்தது. 2005 அக்டோபரில் ஸ்டென்ட், எலும்பு சிமெண்ட், எலும்பியல் உள்வைப்புகள் உள்ளிட்ட 10 வகைகள் மருந்துகளாக அறிவிக்கப்பட்டன. பல் இம்பிளாண்ட் அப் பட்டியலில் தனியே இடம்பெறவில்லை. 2017-ல் மருத்துவக் கருவிகள் விதிகள் வகுக்கப்பட்டு, 2018 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்தின் கீழ் வந்தன. அபாயம் மிகுந்த 'சி', 'டி' வகுப்புகளுக்கு 2023 அக்டோபர் 1 முதல் உரிமம் கட்டாயமானது.

இவ் வேகமின்மைக்கு நாடு கொடுத்த விலை அதிகம். ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டெபுய் நிறுவனத்தின் 'ஏ.எஸ்.ஆர்.' செயற்கை இடுப்பு மூட்டு 2010-ல் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைச் சிகிச்சைகளில் அது பொருத்தப்பட்டிருந்தது. ஆனால் 3,600-க்கும் மேற்பட்ட நோயாளிகள் எங்கிருக்கிறார்கள் என்பதையே கண்டறிய முடியவில்லை என்பது மத்திய அரசின் வல்லுநர் குழு ஆய்வில் தெரியவந்தது. இழப்பீடு அறிவித்தும் அதைப் பெற வேண்டியவர்கள் யார் என்று தெரியாத நிலை.

அமெரிக்காவில் 2023-ல் நடந்தது இதற்கு நேர்மாறானது. ஒரே கொடையாளரின் எலும்பிலிருந்து தயாரான பொருளில் காசநோய்க் கிருமி இருப்பது தெரியவந்தது. அது வைக்கப்பட்ட 36 பேரும் அடையாளம் காணப்பட்டனர். பல் மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றவர்களும் அவர்களில் அடக்கம். எந்தப் பொருள் யாருக்குச் சென்றது என்ற பதிவு இருந்ததே இதற்குக் காரணம்.

மத்திய, மாநில அரசுகளின் பங்கு

'சி', 'டி' வகுப்புக் கருவிகளின் தயாரிப்புக்கும் எல்லா இறக்குமதிக்கும் உரிமம் வழங்குவது மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு. விற்பனையைக் கண்காணிப்பது மாநில அரசு. கர்நாடகத்தில் தனியார் மருத்துவமனைகள் 2007-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. 2017-ல் மருத்துவர்களின் கடும் எதிர்ப்புக்கிடையே செய்யப்பட்ட திருத்தத்தில் நோயாளிகளின் உரிமைப் பட்டியலும் சேர்க்கப்பட்டது. ஆக, ஆலைக்கு ஒரு சட்டம், மருத்துவமனைக்கு ஒரு சட்டம். இரண்டையும் இணைக்கும் சீட்டு மட்டும் நோயாளியின் கைக்கு வந்து சேர்வதற்கு உறுதியில்லை.

விலையிலும் இதே நிலைதான். 2017 பிப்ரவரியில் ஸ்டென்டுக்கும், ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. பல் இம்பிளாண்டுக்கோ எலும்புத் துகளுக்கோ அத்தகைய வரம்பு இல்லை. அதிகபட்ச சில்லறை விலையை ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்ற பொது விதி மட்டுமே உண்டு. தொடக்க விலை நிறுவனத்தின் விருப்பம். காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் இச் சிகிச்சையை ஏற்பதில்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள முதியோருக்காகக் கர்நாடக அரசு கொண்டுவந்த 'தந்த பாக்யா' திட்டமும் கழற்றி மாட்டும் பல் செட்டுக்கானதே. முழுச் செலவும் நோயாளியின் சட்டைப் பையிலிருந்துதான் செல்கிறது. 2025 செப்டம்பரில் மருத்துவக் கருவிகள் பலவற்றுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதன் பலன் நோயாளியை அடைந்ததா என்பதைக்கூட, பொருளின் விலை பில்லில் தனியே இருந்தால்தான் அறிய முடியும்.

முன்மாதிரி உண்டு

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஸ்டென்டுக்கு விலை நிர்ணயித்தபோது, அதன் பெயர், தயாரித்த நிறுவனம், பேட்ச் எண், விலை ஆகியவற்றை மருத்துவமனை பில்லில் தனியே காட்ட வேண்டும் என்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. அதே ஏற்பாட்டை பல் இம்பிளாண்டுக்கும் எலும்புத் துகளுக்கும் விரிவுபடுத்தலாம். பொருள் செயற்கையா, விலங்கிலிருந்து பெறப்பட்டதா என்பதையும் அதில் சேர்க்கலாம்.

சிறிய மருத்துவமனைகளுக்கு இது கூடுதல் சுமை என்ற வாதம் எழக்கூடும். ஆனால் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது ஏற்கெனவே விதி. அதை எழுதிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். தவறு நேர்ந்த பிறகு நோயாளியைத் தேடி அலைவதைவிட இது எளிது. ஆணையம் முந்திக்கொள்கிறதா, மாநிலங்கள் முந்திக்கொள்கின்றனவா என்பதே இனி பார்க்க வேண்டியது.