பன் பாயும் தகரக் கூரையும்

வெப்பக் கடத்தல் படிப்பிக்கும்போது நாங்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான். கரும்பலகையை நடுவில் பிரித்து, ஒரு பக்கம் நற்கடத்தி, மறுபக்கம் அரிதிற் கடத்தி. இரும்பு, செம்பு இங்கே. மரம், துணி அங்கே. பிள்ளைகள் பாடமாக்கிப் புள்ளியும் எடுத்துவிடுவார்கள். தலைக்கு மேலே காயும் கூரையைப் பற்றி ஒரு கேள்வியும் வராது.

ஸுபஹுக்கு எழும்பி, தெமோதரைக் குளிரில் சீமெந்துத் தரையில் கால் வைத்தால் சில்லென்று ஏறும். பக்கத்தில் விரித்த பன் பாயில் அப்படி இல்லை. இரண்டும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. சீமெந்து காலின் சூட்டை வேகமாக இழுக்கிறது. பாயிலோ புல்லின் உள்ளேயும் பின்னலின் இடையேயும் காற்று அடைபட்டிருக்கிறது.

பின்னிய பொருளில் இன்னொரு சங்கதியும் உண்டு. வெப்பம் நாரின் நீளத்துக்கு இலேசாக ஓடும். குறுக்கே போக ஒரு நாரிலிருந்து மற்றதற்குத் தாவ வேண்டும். போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி, நாரும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருள். பின்னிய காபன் நார்த் தகடுகளில் வெப்பம் தகட்டின் வழியே போவது, தகட்டைத் துளைத்துப் போவதைவிடப் பல மடங்கு இலேசு. ஆகவே "ஒரு பொருளுக்கு ஒரு கடத்தாறு" என்ற எங்கள் பாடம் பாய்க்கே சரிவராது, விமானத்துக்கு எங்கே சரிவரும்!

சரி, கூரைக்கு வருவோம். அஸ்பெஸ்டஸ் சீட்டும் ஒரு நார்க் கூட்டுப்பொருள்தான்: சீமெந்துக்குள் கனிம நார். அது புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. 2018 ஜனவரியிலிருந்து இறக்குமதியைக் கட்டுப்படுத்த நம் அரசாங்கமும் முடிவெடுத்தது. 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் ஒரு வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடும் அதுதான். உடனே அந்தத் தடையை நாங்கள் தள்ளிப்போட்டோம். கொழுந்து பறிப்பவர்களின் தேயிலையை வைத்தே அவர்களின் கூரை பேரம் பேசப்பட்டது.

அஸ்பெஸ்டஸ் போகத்தான் வேண்டும். ஆனால் அதைக் கழற்றிவிட்டு வெறும் தகரத்தை அடித்தால் போதுமா? உருக்கின் கடத்தாறு 50 அளவில், அஸ்பெஸ்டஸ் சீமெந்துக்கு அரை அளவில், தும்புக்கு 0.05 அளவில். அரை மில்லிமீற்றர் தகரமும் ஆறு மில்லிமீற்றர் அஸ்பெஸ்டஸும் கடத்தலுக்குக் கொடுக்கும் தடை ஒன்றல்ல, தகரத்தினது மிகக் குறைவு, என்றாலும் இரண்டுமே பெயருக்குத்தான். ஒரு அங்குலத் தும்புப் பாயோ அந்த அஸ்பெஸ்டஸ் சீட்டைவிடச் சுமார் நாற்பது மடங்கு தடை கொடுக்கும்.

பகல் இரண்டு மணிக்கு லயத்துக் காம்பராவுக்குள் இருந்து சா.தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இது வெறும் கணக்கு இல்லை. அதே தகரம் இராவில் குளிர்ந்து, விடியும்போது சொட்டுச் சொட்டாக வடிகிறது.

தும்புக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. தகரத்துக்குக் கீழே நாலு விரற்கடை காற்றுவெளி விட்டு, அடுப்படியையும் புகைக்கூண்டையும் தவிர்த்து (தும்பு பற்றிக்கொள்ளும்), பின்னிய தும்புப் பாய் அடிக்கலாம். மழைச் சத்தமும் குறையும், ஆசிரியர்களுக்குத் தொண்டை மிஞ்சும். தோட்டத்தில் கட்டுகிற புதிய வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மதிப்பீடு எழுதும்போது தகரத்துக்கு அடுத்த வரியில் இதையும் எழுதச் சொல்லி நாங்கள் கேட்க வேண்டும், அடுத்த பெற்றோர் கூட்டத்திலேயே.