மாயையோ, மூச்சோ?

சென்ற மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஓர் இளைஞன் காய்ச்சலால் இறந்தான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியிலே ஏழாண்டுகள் ஓவர்லாக் தைத்தவன். ஒன்றரை ஷிப்டு முடித்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புபவன். அடக்க ஆராதனையில் பிரசங்கியின் புத்தகத்திலிருந்து வாசித்து, மனிதனுடைய பிரயாசமெல்லாம் மாயையே என்று பேசப்பட்டது. கல்லறையிலிருந்து திரும்புகையில் அவன் தாயார் என் கையைப் பற்றிக்கொண்டு, "கண்ணு, நீ தமிழ் படிக்கறவன்தானே? எம் பையன் தெச்சதெல்லாம் மாயைதானா?" என்று வினவினார். யான் விடையிறுக்கவில்லை. இக்கட்டுரை அக்கேள்வியால் எழுந்தது.

எபிரெய மூலத்தில் அவ்விடத்து நிற்கும் சொல் 'ஹெபெல்' என்பது. மூச்சு, ஆவி என்பனவே அதன் நேர்ப்பொருள். பன்னிரண்டே அதிகாரங்களையுடைய அந்நூலில் அச்சொல் 38 முறை வருகின்றது. 1871-இல் வெளிவந்த பவர் ஐயர் திருப்புதலில் அது 'மாயை' ஆயிற்று. 1995-இல் வந்த திருவிவிலியத்தில் 'வீண்' ஆயிற்று. அப்பெரியோர்களைக் குறைகூற யான் தகுதியுடையேன் அல்லேன். ஆயினும் மாயை என்றவுடன் தமிழன் செவியில் விழுவது பொய்த்தோற்றம் என்னும் பொருளே. (சைவ சித்தாந்தத்தில் மாயை உள்பொருளாகக் கொள்ளப்படும் என்பதை நம் ஆசிரியர் வகுப்பில் வற்புறுத்துவதுண்டு; அவ்வேறுபாடு தெருவரையில் வருவதில்லை.) மூச்சோ பொய்யன்று. அது நில்லாது; பிடிக்க வாராது; எனினும் அஃதின்றி ஒருவரும் உயிர்வாழார். அயர்ன் மேசையினின்று எழும் நீராவி கண்ணிமைப்பொழுதில் மறைகின்றது. துணியின் சுருக்கம் நீங்கியது மெய்யன்றோ? நில்லாமை வேறு, இல்லாமை வேறு. பிரசங்கி சொல்வது முன்னது என்பதே என் துணிபு.

நில்லாமை தமிழர்க்குப் புதிதன்று. செல்வமும் இளமையும் யாக்கையும் நில்லா என்றே நாலடியார் தொடங்குகின்றது. திருக்குறளில் நிலையாமை 34-ஆம் அதிகாரம். அடுத்த 35-ஆம் அதிகாரமே துறவு. நில்லாதது கண்டவன் துறக்கக் கடவன் என்பது அவ்வைப்புமுறையால் விளங்கும். பிரசங்கியும் அதே வாயிலில் நுழைகிறான். வெளிப்படும் வழி வேறு. அப்பத்தை மகிழ்ச்சியோடு உண்; வெள்ளாடை உடுத்து; மனைவியோடு இன்புற்றிரு; கைக்கு நேர்ந்த வேலையை முழு வலிமையோடு செய் என்கிறான் ஒன்பதாம் அதிகாரத்தில். (வெள்ளைப் பனியன் விற்று வளர்ந்த எம்மூரார்க்கு இவ்வுபதேசம் கசக்குமா?) வாழ்வு மூச்சாயிருப்பதாலேயே அது கொடை, கொடுத்தவர் ஒருவர் உளர் என்பது கிறிஸ்தவராகிய எம் நம்பிக்கை.

'கிடைத்ததைக் கொண்டு மகிழ்ந்திரு' என்று தொழிலாளிக்கு உபதேசிக்கும் செல்வர்கள் இப்பகுதியைத் தங்கட்குச் சாட்சியாக்கிக்கொள்ள வேண்டா. அதே நூலின் நான்காம் அதிகாரத்தை அவர்கள் வாசிப்பாராக. ஒடுக்கப்பட்டோரின் கண்ணீரும், அவர்களைத் தேற்றுவார் இன்மையும் அங்கே முதலிற் கூறப்படுகின்றன. யாருக்காக உழைக்கிறேன் என்று கேளாமலே ஓயாது பொருளீட்டும் தனியனும் அங்கே வருகிறான். முப்புரி நூல் எளிதில் அறாது என்பதும் அவ்வதிகாரமே. ஒற்றையிழைக்கும் முறுக்கிய இழைக்கும் உள்ள வேற்றுமை எம்மூரிற் சிறுவரும் அறிவர். 1984-இல் பஞ்சப்படிக்காகப் பனியன் தொழிலாளர் 127 நாள் வேலை நிறுத்தி நின்றபோது அந்த முப்புரியைத்தான் முறுக்கினார்கள் என்று கூறினால் மிகையாகாது.

நீதிமொழிகளின் இறுதியில் வரும் குணசாலியான பெண்ணையும் இங்கே நினைக்கிறேன். எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துக்களும் முறையே முதலாக அமைந்த பாட்டு அது. நம் ஆத்திசூடிபோல் அகரவரிசையிற் செல்வது. அவள் கதிர் பிடிக்கிறாள், துணி செய்து விற்கிறாள், வணிகரிடத்துக் கச்சைகளை ஒப்புவிக்கிறாள். கடைசி அடி அவள் அழகைப் புகழவில்லை. அவள் கைகளின் பலனை அவளுக்கே கொடுங்கள் என்று ஆணையிடுகின்றது. பெண்களைச் சிறப்பிக்கும் ஞாயிறுகளில் இதனை வாசிக்கிறோம். மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை தருவோம் என்று 'சுமங்கலித் திட்டம்' என்னும் மங்கலப் பெயரால் ஏழைச் சிறுமியரை நூற்பாலை விடுதிகளில் அடைத்ததும் நம் கொங்கு நாட்டிலேதான். அவர்களை நினைத்து அவ்வடியை வாசித்த சபை எத்தனை?

யோபு, தன் நாள்கள் நெய்வோன் நாடாவினும் விரைந்தோடி நம்பிக்கையற்று முடிகின்றன என்று அழுதான். அங்கு நம்பிக்கை என நிற்கும் எபிரெயச் சொல்லுக்கு நூல் என்றும் பொருளுண்டு. நூல் தீர்ந்தது, நாடா நின்றது. அவன் நண்பர்கள் ஏழுநாள் வாய்திறவாது உடன் தரையில் அமர்ந்திருந்தனர். அதுவே அவர்கள் செய்த நல்லுதவி. வாய்திறந்து தத்துவம் பேசியபின்னரே கர்த்தருடைய கோபத்திற்கு ஆளாயினர். எங்கள் தெருவின் அடக்க ஆராதனையில் நேர்ந்ததும் இதுவே என்பேன். அன்று வாளாவிருந்த என் மௌனமோ அறிவால் வந்ததன்று, அறியாமையால் வந்தது.

இவற்றையெல்லாம் கற்றபின் ஒரு சனிக்கிழமை மாலை அத்தாயாரைக் காணச் சென்றேன். சம்பள நாளாகையால் தெருவெங்கும் ஆரவாரம். அவ்வீடு மட்டும் அமைதியாயிருந்தது. ஹெபெல் என்பதே ஆபேலின் பெயர் என்று சொன்னேன். ஆபேலும் இளமையில் மாண்டவன். ஒரு மூச்சளவே வாழ்ந்தவன். எனினும் அவன் கையின் காணிக்கையைக் கர்த்தர் அங்கீகரித்தாரேயன்றிப் பொய்யென்று தள்ளவில்லை என்றேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "அவனைப் பெத்தவ என்ன பண்ணுனா? அது எழுதியிருக்குதா?" என்று கேட்டார். ஏவாளைப் பற்றி அவ்வதிகாரத்தின் இறுதியில் உள்ளதை எடுத்து வாசித்தேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.